எப்படி வருவாங்க?

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எங்கோ தூரத்தில் ஒரு நாய் வாலை ஆட்டினாலே அவருடைய கால் அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். பேச்சிலும் அப்படித்தான். யாராவது வாயைத் திறந்தால், என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள், "சரி சரி, வேண்டாம், விட்டுடலாம்" என்று முந்திக்கொள்வார். வீண் மனஸ்தாபம் வராமல் இருக்கத்தான் இப்படி என்பது அவர் கட்சி. பயந்தாங்கொள்ளித்தனம் என்பது அவர் மனைவியின் கட்சி. முப்பது வருஷமாக இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

அவருடைய ஒரே மகளின் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை ஊரடங்கு என்று மண்டபத்தையே பூட்டிவிட்டார்கள். இரண்டாம் முறை, மாப்பிள்ளை குடியிருந்த கட்டடத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று வாசலில் தகரம் அடித்து மறித்துவிட்டார்கள். "அப்பா, அவருக்குத் தலையில நாலு முடி இருக்கும்போதே கல்யாணத்த முடிச்சிடுங்க" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கல்யாணத்துக்கென்று எடுத்த உடையை அலமாரியின் மேல்தட்டில், கண்ணில் படாத இடத்தில் தூக்கி வைத்துவிட்டாள்.

மூன்றாம் முறை, இருபது பேர் வரை கூடலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும், சம்பந்தியம்மா தன் வீட்டுக் கூடத்திலேயே நடத்திவிடலாம் என்றார். யார் யார் வருவது என்று இரண்டு வீட்டாரும் போனிலேயே பேசி முடிவு செய்துகொண்டார்கள். மாஸ்டர் பக்கம் பத்துப் பேர். முதல் பெயராக அவர் தன் அக்காவைத்தான் சொன்னார். சொல்லாமல் எப்படி? இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தான்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளையின் அப்பா ஆபரேஷன் ஆகி அவளுடைய வார்டில்தான் கிடந்தார். பிழைப்பாரா என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்ட பையனை அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து நடந்த அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தாச்சுடா. நோயாளிகிட்ட முகம் சுளிக்காதவன் பொண்டாட்டிகிட்டயும் முகம் சுளிக்க மாட்டான்" என்று முடிவே கட்டிவிட்டாள். அவளுக்குக் கல்யாணம், குழந்தை குட்டி என்று எதுவும் அமையவில்லை. தம்பி மகள்தான் அவளுக்கு எல்லாம்.

தொற்று பரவ ஆரம்பித்ததும் அக்காவைக் காய்ச்சல் வார்டில் போட்டுவிட்டார்கள். தெருவே மாடியில் நின்று மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கைதட்டிய நாளில், மாஸ்டரும் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். "எங்க அக்காவும் அங்கதான் இருக்கா" என்று பக்கத்து மாடிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள், தம்பி மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, அக்கா அலைந்து வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் மாஸ்டர் நாற்காலியை மருந்து போட்டு இரண்டு தடவை கழுவினார். டம்ளரைக் காகிதத்தில் சுற்றித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அந்த டம்ளரை அவர் மனைவி ஒரு வாரம் தேடினாள். மாஸ்டரும் கூடச் சேர்ந்து தேடினார்.

அதனால்தான், போனில் எல்லாம் பேசி முடித்த பிறகு சம்பந்தியம்மா, "அதெல்லாம் சரி, உங்க அக்கா எப்படி வருவாங்க?" என்று கேட்டதும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியம்மா வீட்டில் மாப்பிள்ளையின் தாத்தா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். காய்ச்சல் வார்டில் நிற்கிறவள் எப்படி வரலாம் என்றுதான் கேட்கிறார்கள், நேரே சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கிறார்கள் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"இல்ல இல்ல, அவங்க வரல. லீவு கெடைக்காது. நீங்க கவலையே படாதீங்க" என்றார் அவசர அவசரமாக.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படியா... சரி" என்றார் சம்பந்தியம்மா. அந்த மௌனத்தை நிம்மதிப் பெருமூச்சு என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். தனக்கும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதை அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்ததைத்தான் கவனிக்காததுபோல் விட்டுவிட்டார்.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். நிற்கிற பயிற்சிக் காருக்குள் தனியாக உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று பல தடவை பேசிப் பார்த்தார். 'நிலைமை அப்படி இருக்குக்கா', 'நீயே யோசிச்சுப் பாருக்கா', எல்லாம் வாய்க்குள்ளேயே நன்றாக இருந்தது. போனை எடுத்த அக்காவோ அவருக்கு ஆரம்பிக்கவே இடம் கொடுக்கவில்லை. மாஸ்க் போட்டே பழகிப்போன கரகரத்த குரலில், "தேதி வச்சாச்சாடா? இப்பவே சொல்லிடு. லீவு கேட்டா மூஞ்சியத் திருப்புறாங்க. ஆனா நா விடமாட்டேன், சண்ட போட்டாவது வாங்கிடுவேன்" என்றாள்.

மாஸ்டர் பேசிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. "இல்லக்கா. மறுபடியும் தள்ளி வச்சிருக்கோம்" என்றார்.

அவள் நம்பிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம், மூன்றாம் தடவையும் தள்ளிப்போனது என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? நம்பியதோடு நிற்காமல் அவருக்கே ஆறுதல் சொன்னாள். உயிரோடு இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், பெண்ணை அழவிடாதே, உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்தாள்.

தள்ளி வைக்கிறது என்பது ஒரு மாதிரியான வார்த்தை. தேதியையும் தள்ளி வைக்கலாம், ஆளையும் தள்ளி வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். சொன்னது முழுப்பொய்கூட இல்லையே என்று அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் போக அவருக்குக் கால் வரவில்லை.

வீட்டில் வேறு கதை சொன்னார். அக்காவுக்கு லீவு இல்லை, ரொம்ப வருத்தப்பட்டாள், வார்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், நீங்கள் யாரும் கூப்பிட்டு அவளை அழவைக்க வேண்டாம், கல்யாணம் முடிந்ததும் நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அத்த இல்லாம என்ன கல்யாணம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குமேல் அவள் பேசாமல் இருந்தது மாஸ்டருக்கு வசதியாகப் போயிற்று.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கூடத்தில் நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் மாஸ்க். போட்டோக்காரர், "எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு மட்டும் எந்தச் சட்டமும் செல்லவில்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மாஸ்டர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினார். நடுநடுவே இருமினார். "ஏசி ஒத்துக்கல" என்றார். அவரிடம் தள்ளி உட்காருங்கள் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் போய் யார் அப்படிச் சொல்வார்கள்?

எல்லாம் நல்லபடியாக முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் தாத்தாவின் அருகில் போய் நின்றபோது, சம்பந்தியம்மா மாஸ்டரிடம் வந்தார்.

"உங்க அக்கா இல்லாததுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. பஸ்ஸும் ஓடல, அவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படி வருவாங்க, நம்ம வண்டிய அனுப்பலாமேன்னுதான் அன்னிக்கு உங்ககிட்ட கேட்டேன். நீங்க லீவே இல்லன்னுட்டீங்க. எங்க வீட்டுக்காரர எழுப்பி உக்கார வச்சவங்க அவங்க. முன்னால நிக்க வேண்டியவங்க."

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. எப்படி வருவாங்க என்றால், எதில் வருவாங்க. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அக்காவை வரவேண்டாம் என்று இந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை. சொன்னது அவர் ஒருவர்தான். சம்பந்தியம்மாவின் குரலில் அவர் கேட்டது அவருடைய சொந்தப் பயத்தை. அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

வெளியே வந்து போனை எடுத்தார். இப்போது கூப்பிட்டாலும் வண்டி அனுப்பி அழைத்து வரலாம். மதியச் சாப்பாட்டுக்காவது வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டால் என்ன சொல்வது? தள்ளி வைத்த கல்யாணம் தானாக நடந்துவிட்டது என்றா? அவள் வந்து நின்றால், லீவு கிடைக்கவில்லை என்ற கதை என்னாவது? மகள் முன்னால், மனைவி முன்னால், புதுச் சம்பந்தி முன்னால் மானம் கப்பலேறிவிடும். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதலில் சொன்னது பயத்தில் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், இது அப்படியில்லை. நின்று, நிதானமாக யோசித்துச் செய்தது. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் போட்டோவிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்த வாரம் கழிந்தது. வாரக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருமல் நெஞ்சைப் பிளந்தது. பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டால் வேறு இடம் இல்லை. அக்கா உள்ளே வார்டில் இருப்பாள், வாசலில் அவளுக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில் இரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தார். மாஸ்டரின் முறை வந்தது. கேள்வி கேட்கிறவரின் முகம் தெரியவில்லை. கண்ணை மூடிய கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"டேய்... என்னடா ஆச்சு உனக்கு?"

அக்கா. அவள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். கையுறை போட்ட கையால் அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. எத்தன நாளா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கடிந்துகொண்டாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாஸ்டருக்கு அந்த நாற்காலியும் டம்ளரும் ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

பிறகு அவள் தன் இடத்துக்குப் போய், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "ரெண்டு வாரத்துல விசேஷம், கூட்டம்னு எங்கயாவது போனியாடா?"

மாஸ்டர் மாஸ்க்கை இழுத்து மூக்குக்கு மேல் விட்டுக்கொண்டார்.

"இவன் எங்க போயிருக்கப்போறான்" என்று அக்காவே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். "பெத்த பொண்ணு கல்யாணத்தையே தள்ளி வச்சிட்டு உக்காந்திருக்கான், பாவம். இல்லன்னு போட்டுக்கோம்மா."

அப்படியே விட்டுவிட்டால் விஷயம் அதோடு முடிந்துபோகும். சம்பந்தி வீட்டுக்கு யாரும் போன் செய்யமாட்டார்கள். அந்தத் தாத்தாவுக்கு யாரும் பரிசோதனை செய்யமாட்டார்கள். மாஸ்டர் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லன்னு போட வேண்டாம்க்கா. கல்யாணம் முடிஞ்சிருச்சு. போன ஞாயித்துக்கெழம."

பதிந்துகொண்டிருந்தவரின் கை நின்றது. வரிசையில் யாரோ இருமினார்கள். அக்காவின் கண்ணாடியில் ஆவி இன்னும் அடர்ந்தது. அவள் அழுகிறாளா, முறைக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்துவிட்டால்கூடத் தேவலை போல இருந்தது.

"யார் யார் வந்திருந்தாங்க? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

சொல்லுங்க. பிறந்ததிலிருந்து அவரை அவள் ஒரு தடவைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை. மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா, தாத்தா, இருமிக்கொண்டிருந்த தாய்மாமா. தன் மச்சினன், மச்சினன் பெண்டாட்டி, கொழுந்தியாள். மாடியில் குடியிருக்கிறவர். போட்டோக்காரர். ஒவ்வொரு பேருக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாடி வீட்டுக்காரர் என்று சொல்லும்போது அது வெறும் காற்றாகத்தான் வந்தது. அக்கா நடுவில் எதுவும் கேட்கவில்லை. தாத்தாவின் வயதை மட்டும் கேட்டாள். அவர் வீட்டுக்கு உடனே ஆள் அனுப்பும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

"அக்கா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்து மேலே பேச முடியவில்லை.

அவள் இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நல்லவேளடா, நா வரல. வந்திருந்தா, இந்தக் காய்ச்சல என் தலையிலதான் கட்டியிருப்பீங்க."

இல்லை என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயெடுத்தார். முடியவில்லை. அப்படிக் கட்டியிருக்கக்கூடியவர்களில் முதல் ஆள் தான்தான் என்று அவருக்குத் தெரியும்.