தெருத் தூசெல்லாம் பேச்சியம்மாள் வீட்டில்

1976-ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தெருவின் தூசு முழுவதும் பேச்சியம்மாள் வீட்டு மரச்சாமான்கள் மேல் மட்டுமே படிந்தது. மற்ற வீடுகளில் பொட்டுத் தூசு இல்லை. அந்த ஊரில் தூசு இரண்டு வகை. சுரங்கம் இருக்கும் பக்கமிருந்து காற்று அடித்தால் பழுப்புத் தூள், அனல்மின் நிலையம் இருக்கும் பக்கமிருந்து அடித்தால் சாம்பல். அதுவரை இரண்டும் எல்லா வீட்டுக்கும் பொதுவாக, தெருமுனையில் ஆரம்பித்து வரிசையாக வீடு வீடாக வந்துகொண்டிருந்தன. அந்த ஆடியில் காற்று மாறவில்லை, தூசுதான் மாறியது. தெருமுனையில் திரும்பி, வேப்பமரத்தடியில் சற்றுத் தயங்கி நின்று, பிறகு யார் வாசலிலும் ஏறாமல் நேராக வந்து பேச்சியம்மாளின் ஜன்னல் வழியே உள்ளே போயிற்று. ஜன்னலைச் சாத்தினால் கதவிடுக்கில் போயிற்று. கதவிடுக்கில் துணியை அடைத்தால் வாசலிலேயே காத்திருந்து, பால் வாங்க அவள் கதவைத் திறந்தபோது கால்களுக்கு நடுவே புகுந்து போயிற்று.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கணவர் கருணாகரனுக்கு மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை, பெர்மனென்ட். பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்த கட்டில், அலமாரி, மேஜை, நான்கு நாற்காலிகள் எல்லாம் காடாம்புலியூரில் ஒரே பலாமரத்தை அறுத்துச் செய்தவை. பலாமரம் புதிதில் மஞ்சளாக இருக்கும். ஒழுங்காகத் துடைத்து வந்தால் வருடம் ஏற ஏறத் தேன் நிறத்துக்கு வரும். அவள் ஒழுங்காகத்தான் துடைத்து வந்தாள். பழைய வேட்டியைக் கிழித்த உலர்ந்த துணியால், மர ரேகை ஓடும் போக்கிலேயே துடைப்பாள். அலமாரிக் கதவின் பூ வேலைக்குள் பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ்ஷை விட்டுத் தட்டி எடுப்பாள். வெள்ளிக்கிழமைகளில் தேங்காயெண்ணெயில் எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் தொட்டு ஒரு பூச்சு. இவ்வளவும் தன் வீட்டுத் தூசுக்கு மட்டும் போதுமானது. தெரு முழுவதன் தூசுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? காலையில் துடைத்த மேஜை, சோறு வடித்து இறக்குவதற்குள் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒரு நாற்காலியைத் துடைத்து முடித்து அடுத்ததைத் தொடும்போது, முந்தையதில் பெயர் எழுதலாம். சிமெண்டுத் தரையிலோ பாத்திரங்களிலோ ஒரு துகளும் விழவில்லை. அதற்கு மரம்தான் வேண்டியிருந்தது.

கருணாகரனுக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. ஷிஃப்டு முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்தபோது பேண்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "தெருவே சிரிக்குது பேச்சி. எல்லா வீடும் கண்ணாடி கணக்கா இருக்கு, நம்ம வீடு மட்டும் நெலக்கரி கொட்டுன மாதிரி கெடக்கு" என்றார்.

"தெருவுக்குச் சிரிக்க நேரம் இருக்குல்லா. அவங்க தூசையும் நான்தான தொடைக்கேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"கொஞ்சம் சேத்துத் தொடையேன்" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போனார். இப்படி ஒரு பதிலைச் சொன்ன மனிதர் அன்றைக்கு நன்றாகவே தூங்கினார்.

மறு வருடம் தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போனாள். போன மூன்றாம் நாள், சுரங்கமோ புகைபோக்கியோ இல்லாத சங்கரன்கோவில் வீட்டில், அப்பாவின் சாய்வு நாற்காலி மேல் நெய்வேலிச் சாம்பல் விழ ஆரம்பித்தது. தங்கை அதை விரலில் தொட்டுப் பார்த்து, "ஒன்கூடவே வந்துட்டா இது? வழி எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். பேச்சியம்மாளுக்கு அழுகை வந்தது. துணி கேட்டு வாங்கித் துடைத்தாள். அவள் இல்லாத அந்த நாட்களிலும் தெருவில் யார் வீட்டிலும் தூசு விழவில்லை என்று திரும்பி வந்ததும் தெரிந்தது. அதாவது தூசுக்கு அந்த வீடு கணக்கில்லை. துடைப்பவள் எங்கே இருக்கிறாளோ அங்கே அது போயிற்று. துடைக்காதவர்களை அது ஒன்றும் செய்யவில்லை.

துடைக்காதவர்களுக்குப் பரிசே கிடைத்தது. 1978-இல் அந்த பிளாக்கின் மாதர் சங்கம் சுத்தமான வீட்டுக்குப் போட்டி வைத்தது. நடுவர்களாக மூன்று பெண்மணிகள் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். அவர்கள் வருவதை எதிர்பார்த்துப் பேச்சியம்மாள் விடியற்காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வாசல்படி ஏறும்போது கூட மேஜை பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே வந்து, உட்கார்ந்து, மோர் குடித்து முடிப்பதற்குள் சாம்பல் இறங்கிவிட்டது. அதில் ஓர் அம்மாள் ஆள்காட்டி விரலால் மேஜையின் மேல் 'சுத்தம்' என்று எழுதி, மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். அவள் கொடுத்த மோரைக் குடித்த வாயோடு சிரித்தார். பக்கத்து வீட்டு விஜயகுமாரிக்கு முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் குடம் கிடைத்தது. விஜயகுமாரி ஈரோட்டுப் பக்கம். நல்ல பெண்தான், ஆனால் இரண்டு வருடமாக வீட்டில் துடைப்பதற்கென்று ஒரு துணிகூட வைத்திருக்கவில்லை. பரிசளிப்பு விழாவில், வீட்டை எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று சங்கத் தலைவி கேட்டதற்கு, "தூசு உக்காரதுக்கு முன்னாலயே தொடச்சுப் போடோணுங்க. சோம்பேறித்தனமே ஆகாதுங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். கூட்டம் கைதட்டியது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "அவங்க வீட்டுல தொடைக்கிற துணின்னு ஒண்ணு இருந்தாக் கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. ரெண்டு வருசமா அவங்க தூசு என் வீட்டு அலமாரி மேல கெடக்கு. தொடைச்சவ நான். கொடம் அவங்களுக்கா?"

தலைவி, போட்டி என்று இருந்தால் பொறாமையும் இருக்கத்தான் செய்யும், உட்காருங்கள் அம்மா, என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுக்கும் ஒரு கைதட்டல் விழுந்தது. கருணாகரன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் துடைக்கும் துணிகளையெல்லாம் துவைத்தாள். காய்ந்ததும் மடித்து, மூட்டையாகக் கட்டி, பரணில் தூக்கிப் போட்டாள். அவ்வளவுதான். சமையல் செய்தாள், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாள், நாள் முழுக்க வானொலி கேட்டாள். மரத்தை மட்டும் தொடவில்லை. தூசுக்கு இது புரியவில்லை. அவள் தொடுவாள் தொடுவாள் என்று நம்பி அது மேலும் மேலும் வந்துகொண்டிருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் மேஜை மணல்மேடு போலாயிற்று. நாற்காலிகளுக்கு உருவம் தெரியவில்லை. அலமாரி மேலிருந்த சாம்பல் கூரையைத் தொட்டுவிட்டு, இடம் போதாமல் ஒரு பக்கமாகக் கூம்பாகச் சாய்ந்து நின்றது. இவ்வளவுக்கும் தரையில் ஒரு துகள் சிந்தவில்லை. அவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கருணாகரன் கோபத்தில் பல வாரம் பேசாமல் இருந்து பார்த்தார். பேசாமல் இருந்தும் சோறு வந்தது, ரசம் வந்தது, துவைத்த சட்டை வந்தது, உட்கார நாற்காலி மட்டும் வரவில்லை. கடைசியில், "மனுசன் உக்கார வேண்டாமா?" என்று கத்தினார்.

"வேணும்னா தொடைச்சிட்டு உக்காருங்க" என்றாள் அவள்.

அவர் துடைத்தார். பிறந்ததிலிருந்து எதையும் துடைத்திராத மனிதர். பரணில் ஏறித் துணி எடுக்கச் சோம்பல்பட்டு, குளிக்கிற துண்டை வாளியில் முக்கிப் பிழியாமல் எடுத்துவந்து ஒரு நாற்காலியைத் தேய்த்தார். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்து களியாயிற்று. அது காய்வதற்குள், சாதித்துவிட்ட நிம்மதியில் அதன் மேலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். படித்து முடித்தபோது அது சிமெண்டாக இறுகியிருந்தது. எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. நாற்காலியோடு வாசல்வரை ஓடிவந்து அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தெரு, அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுச் சகாயமேரி. அவளுக்குச் சொந்த ஊர் கடலூர் துறைமுகத்துப் பக்கம். கணவர் அமிர்தநாதனும் மைன்ஸில்தான் வேலை பார்த்தார். "ஐய, இன்னா கோலங்க இது!" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே காலை வைத்ததும், மேஜை மேலிருந்த மேட்டில் ஒரு பகுதி அசைந்தது. சாயங்காலம் கூப்பிட்டவுடன் கோழிகள் திரும்புவது மாதிரி அது இறங்கி, தரையோடு நடந்து வந்து, அவளுடைய தோளிலும் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் கருவாட்டு வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும் அடித்தன. அவள் வீட்டு வாசனை. பின்னால் வந்த அமிர்தநாதன் மேலும் அதே வாசனையோடு ஒரு பங்கு ஏறியது. அந்தந்த வீட்டுத் தூசு அந்தந்த வீட்டுக்காரரை அடையாளம் கண்டு எழுந்தது. விஜயகுமாரி வாசற்படியில்தான் நின்றாள். அலமாரி மேலிருந்த கூம்பு அப்படியே இறங்கி, முகப்பவுடர் மணத்தோடு வந்து, அவளை உச்சி முதல் கால்வரை மூடியது.

"இது எங்க வீட்டுதில்லீங்க!" என்று அவள் முந்தானையை உதறினாள். உதறியது கீழே விழுந்து, திரும்ப ஏறிக்கொண்டது.

சகாயமேரி தோளைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மெல்லச் சொன்னாள். "எங்க வூட்டுதுதான்க்கா. நாங்க பாட்டுக்கு நோவாம இருந்துகினு இருந்துட்டோம். நீங்களும் ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேக்கலியே."

"மேடைக்கு முன்னால நின்னு கேட்டேன்" என்றாள் பேச்சியம்மாள். "என்னை உக்காரச் சொன்னாங்க. நீ கையத் தட்டுன."

"எல்லாரும் தட்டனாங்க, நானும் தட்டனேன்."

"அதத்தான் சொல்லுதேன்."

பேச்சியம்மாள் கைகாட்ட, சகாயமேரி பரணில் ஏறி மூட்டையை அவிழ்த்து ஒரு துணியை எடுத்துவந்து மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள். மேஜையில் ஒரு இழுப்பு இழுத்தால் அவள் தோளில் ஒரு பிடி குறைந்தது. அமிர்தநாதன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். தன் தோளில் இருப்பது மனைவி துடைப்பதால் குறையவில்லை என்று கண்டதும் அவரும் ஒரு துணியைக் கேட்டு வாங்கினார். ரேகைக்குக் குறுக்கே துடைத்ததற்காகப் பேச்சியம்மாளிடம் திட்டு வாங்கினார். மதியத்துக்குள் ஆறேழு வீட்டார் தங்கள் தங்கள் பங்கைத் துடைத்துவிட்டுச் சுத்தமாக வீட்டுக்குப் போனார்கள். கருணாகரனைக் கொத்தனார் உளியால் தட்டிப் பிரித்தெடுத்தார்கள். பேண்ட் நாற்காலியோடு தங்கிவிட்டது. துடைத்த துணியை உதறியதும் அந்தச் சாம்பல் ஜன்னல் வழியே வெளியேறி, வேலை முடிந்தது போலக் காற்றோடு போயிற்று.

விஜயகுமாரி மட்டும் வீட்டுக்குப் போய்க் குளித்தாள். போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கடைக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், சாம்பல் பூசிய உருவமாகவே போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்குள்ளும் தூசு அவள் மேலேயே இருந்தது, வேறு எதன் மேலும் உதிரவில்லை. எவர்சில்வர் குடத்தில் ஒரு துகள்கூட விழவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. நான்கு நாள் கழித்து வந்து பேச்சியம்மாள் வீட்டு அலமாரி முன்னால் நின்றாள்.

"நா வேணும்னு சொல்லுலீங்க்கா. தூசே இல்லாம இருக்கவும், நாமதான் சுத்தமா வெச்சிருக்கறமாட்ட நெனச்சுப் போட்டேன்."

பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. பழைய பிரஷ்ஷை எடுத்துக் கையில் கொடுத்து, "பூ வேலைக்குள்ள நெறையக் கெடக்கு. அதுலருந்து ஆரம்பி" என்றாள்.

அதன்பின் தெரு முறை வைத்துக்கொண்டது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஷிஃப்டு மாதிரியே ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு வீடு, பிற்பகலில் ஒரு வீடு. நைட் ஷிஃப்டு முடிந்து வரும் ஆண்கள் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து கட்டில் கால்களைத் துடைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். கருணாகரன் தன் வீட்டுப் பங்கைத் தானே செய்தார். எண்ணெயில் எலுமிச்சை எவ்வளவு விடுவது என்பதில் மற்ற ஆண்களோடு வாதாடும் அளவுக்குத் தேறினார். தவறிப்போய் முறையை மறந்தவர்களைத் தூசு தேடிப் போய், வருகை பதியும் டைம் ஆபீஸ் வரிசையிலேயே தோளில் ஏறிக்கொண்டதும் உண்டு. பலாமரம் தேன் நிறத்தைத் தாண்டிக் கருஞ்சிவப்புக்கு வந்தது. 1981-இல் கருணாகரனுக்குப் பிரமோஷன் வந்து வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறியபோது தூசும் அவர்களோடு போயிற்று. பழைய தெருக்காரர்கள் முறை நாளில் அங்கே சைக்கிள் மிதித்துப் போனார்கள். புதுத் தெருக்காரர்களுக்கு முதல் வாரத்திலேயே தோள் கனத்தது. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1985-இல் நல்லசாமி என்பவர் மாற்றலாகி அந்தப் புதுத் தெருவுக்குக் குடிவந்தார். அவருடைய மனைவி ருக்குமணி சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, அன்று முறைக்காக வந்திருந்த சகாயமேரி அவளிடம் பால் பூத் திறக்கும் நேரம், தண்ணீர் வரும் நேரம், துணிக்காரர் வரும் நாள் எல்லாம் சொன்னாள். பிறகு, "இந்தத் தெருவு தூசு அந்த அக்கா வூட்லதாங்க வுழும். நம்ம நம்மளுத நாமதான் போயித் தொடைக்கணும். உங்களுக்கு எந்தக் கெழமை தோது?" என்று கேட்டாள்.

ருக்குமணி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தாள்.

"வியாழக்கெழமை எங்க வீட்டுக்காரருக்கு லீவு. அவரை அனுப்புறேன்" என்றாள்.