தடத்தில் இறங்கிய மாவு

சவரியார் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தபோது தரையில் பதித்திருந்த பித்தளைத் தடம் முழுக்க மாக்கோலம் இறங்கிக் கிடந்தது. ஆடி வெள்ளி. ஃபேர்லேண்ட்ஸ் பங்களாவின் எஜமானியம்மா அங்காளம்மாள் விடிந்ததும் தலைமுழுகி, கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவிலிருந்த கண்ணாடி மடக்குக் கதவின் படிக்கு மஞ்சள் பூசி, அரைத்த அரிசிமாவைக் கரைத்துத் தாராளமாக இழை இழுத்திருந்தாள். கிழக்கே பார்த்த வாசல், அதுதான் வீட்டுக்கு லட்சுமி வருகிற வழி என்பது அவளுடைய கணக்கு. கதவுக்கு லட்சுமி தெரியுமா? அடியிலிருக்கிற சின்னச் சக்கரங்கள் அந்தத் தடத்தில் ஓடினால்தான் அது மடங்கும். மாவு காய்ந்தால் காரை மாதிரி இறுகிவிடும்.

முதலாளி வெங்கடாசலம் கோயமுத்தூரில் யாரோ மில்காரர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து வைத்த கதவு அது. விருந்தாளி வந்தால் தன் கையாலேயே இழுத்து மடக்கித் தோட்டத்தைக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் அதைக் காப்பது சவரியார் பாடு. சாக்கட்டித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைக்க வேண்டும். கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும். தடத்தில் மட்டும் எண்ணெய் ஆகாது, மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அம்மா, தடத்துக்குள்ள மாவு எறங்கியிருக்குதுங்க. ஈரம் காயறதுக்குள்ள வழிச்சு எடுத்துடறனுங்க."

அங்காளம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. "நல்லநாளும் அதுவுமா வாசப்படியச் சொரண்டறங்கறயே, உங்க மாதா கோயில்ல இப்பிடிப் பண்ணுவியா? நாளைக்குப் பாத்துக்கலாம், போ."

"சாயங்காலம் மில்லு ஆபீசர் ஐயா வாராருங்களே..."

"வந்தா வரட்டும். லச்சுமிய வழிச்சுப்போட்டா அவரக் கூப்புடறது?"

வேறு நாளாக இருந்தால் சவரியார் முணுமுணுத்துக்கொண்டாவது சுரண்டியிருப்பார். அன்றைக்கு வாயும் கையும் கட்டுண்டு கிடந்தன. மருமகன் பாக்கியநாதன் வாழப்பாடியிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிணற்றடியில் காத்திருந்தான். பள்ளிபாளையத்துப் பக்கம் புதிதாக எழும்பும் நூல் மில்லில் அவனுக்கு ஒரு வேலை கேட்டிருந்தது. ஆபீசர் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால்தான் குடித்தனத்துக்கு அழைத்துப்போவேன் என்று சொல்லி, வயிற்றுப்பிள்ளைக்காரியான மகள் அந்தோணிமேரியை அவன் சவரியார் வீட்டிலேயே விட்டுவைத்திருந்தான். சவரியார் ஜென்மத்தில் யாரையும் நம்பியவரில்லை, பங்குச் சாமியாரைக்கூடப் பாதிதான் நம்புவார். ஆனால் மகள் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கையில் பங்களாக்காரர் வாக்கை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அம்மா மனம் கோணக்கூடாது என்று கண்ணாடியை மட்டும் துடைத்தார். வெயில் ஏற ஏற, ஆடிக்காற்று தோட்டத்துப் புழுதியை அள்ளிவந்து ஈரமாவின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஆபீசர் வந்தார். வெங்கடாசலம் சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பற்றி இழுத்தார். கதவு அசையவில்லை. விருந்தாளி முன்னால் தோற்கலாமா? காலை உந்தி வெடுக்கென்று இழுத்தார். சக்கரம் தடத்தைவிட்டு எகிற, நடுக்கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல்விட்டுப் பாதி சரிந்தது.

"என்றா தொடச்சே நீ?" என்று வெங்கடாசலம் சவரியாரிடம் சீறினார்.

சவரியார் அங்காளம்மாளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். காட்டிக்கொடுத்தால் வந்தவர் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு, கிணற்றடியில் நிற்பவனுக்கு வேலையுமில்லை. பழியைத் தான் ஏற்றால் அவளுக்கு நெஞ்சில் கொஞ்சமாவது உறுத்தும், புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லுவாள்.

"எந் தப்புத்தானுங்க" என்றார்.

அங்காளம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "காலையிலயே சுத்தம் பண்ணி வெய்யின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க. இவனுக்கு வேலையில எங்க புத்தி? மருமவனுக்கு மில்லுல எடம் புடிக்கறதுலயே இருக்குது."

"யாரு, நீங்க சொல்லிட்டிருந்த பையனா?" ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். "மாமனார் தொட்ட கதவே இப்படி. மருமகன் தொட்டா என் மிஷின் என்ன ஆகறது?"

வெங்கடாசலமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆபீசர் தோளில் கைபோட்டுப் பக்கவாசல் வழியாகத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். கிணற்றடிப் பக்கம் திரும்பவே இல்லை.

சவரியார் சில்லுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது பாக்கியநாதன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தனையும் காதுல உழுந்துச்சு மாமா. நெசமா உங்க தப்பா?"

அந்த அம்மா செய்தது என்று சொன்னால், அதையேன் அங்கே சொல்லவில்லை என்று கேட்பான்.

"ஆமா" என்றார்.

"ஒரு கதவு. அதக்கூடத் தொடைக்கத் தெரியல. உங்கள நம்பி எங்கம்மாகிட்ட வேற சொல்லிப்போட்டு வந்தேன்."

"ஊட்டுக்கு வந்துட்டுப் போ சாமி. புள்ள பாத்துட்டிருக்கும்."

"வாழப்பாடி பஸ்ஸு போயிரும்."

அவன் தெருமுனை திரும்பும்வரை சவரியார் வாசலில் நின்றார். பிறகு தன் வீட்டை நோக்கி நடந்தார். சந்துக்குள் நுழையும்போதே கருவாட்டுக் குழம்பு மணத்தது. திறந்த கதவு வழியே பார்த்தார். அந்தோணிமேரி தலைசீவிப் பூ வைத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மூன்று தட்டுகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் திரும்பித் தெருக்குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் நூலாக இளைத்துச் சொட்டுச் சொட்டாகி நின்றது. அதற்குப் பிறகும் கையைக் கையோடு தேய்த்துக்கொண்டே நின்றார்.