இரண்டாவது முறை விழுங்கும் வரை

நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் பெண் அவள். கைகால் விறைத்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், அந்தக் குடும்பத்துக்கு என்ன துணை வேண்டுமென்று அறிந்துவருவதுதான் அந்த மாதத்துப் பாடம். மூன்றாவது மாடி வீடு. சன்னலோர நாற்காலியில் பட்டை மாட்டி உட்கார வைத்த ஏழு வயதுக் குட்டி. கழுத்து நிற்காது, பேச்சு வராது. சிரிப்பு மட்டும் வீடு கொள்ளாது.

படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். பதினெட்டாவதிலேயே தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போலீஸ்காரங்ககூட இத்தனை கேக்க மாட்டாங்க சிஸ்டர். நான் தலைக்குக் குளிச்சு பத்து நாளாச்சு. இவளுக்கு இந்த மசிச்ச பழத்தை ஊட்டிடுறீங்களா? தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. அதுல நான்தான் கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்."

பொய்யில்லை, கண்ணுகளா. ஆனால் வகுப்பில் அவள் ஊட்டியது ரப்பர் பொம்மைக்கு. பொம்மைக்குப் புரையேறாது. 'நீங்கள் எப்படி ஊட்டுவீர்கள்?' என்று படிவம் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. முதல் கரண்டி போனது. வாய் காலியானதும் இரண்டாவது. குட்டி சிரித்தாள், தலை பின்னால் சரிந்தது. வாய் நன்றாகத் திறக்கிறதே என்று மாணவி மூன்றாவதையும் வைத்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. கண்கள் மட்டும் பெரிதாகி இவளையே பார்த்தன. உதடு நீலம் பாரித்தது.

படித்ததெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. பட்டையின் கொக்கியைத் தேடிய விரல் வழுக்கியது.

"அக்கா!"

தலையில் நுரையும் மேலே சுற்றிய துண்டுமாகத் தாய் ஓடிவந்தாள். பட்டையைப் பிடுங்கி, பிள்ளையை மடியில் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தட்டில் பழம் தரையில் விழுந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

மாணவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "கொன்னுருப்பேன்க்கா. நான் போயிடுறேன்."

"கதவு இருக்கிற இடம் எனக்கும் தெரியும். நான் ஓடினேனா?" தாய் பிள்ளையின் வாயைத் துண்டால் துடைத்தாள். "முதல்ல உங்க டீச்சருக்குச் சொல்லு."

போன் போட்டு மறைக்காமல் சொன்னாள். ஒரு மணி நேரம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார் ஆசிரியை. இளைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. மூச்சை எண்ணிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இளைப்பு வரவில்லை. குட்டிக்குப் பசிதான் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு ஏழு வருஷமா, ஒவ்வொரு கரண்டிக்கும். யாரும் கேட்டதில்ல."

"எப்படி ஊட்டுவீங்க? சொல்லிக் குடுங்க."

தாய் அவள் விரலை இழுத்துக் குட்டியின் தொண்டைமேல் வைத்தாள். "மோவாய் கீழ இருக்கணும். ஒரு தடவை விழுங்குவா, நம்பிடாத. ரெண்டாவது தடவையும் ஏறி இறங்கினாதான் அடுத்தது."

நகக்கண்ணளவு பழத்தை மாணவி வாயில் வைத்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அசைவில்லை.

"அக்கா..."

"பொறு."

விரலடியில் மெல்ல ஏதோ நகர்ந்தது.

"வந்துச்சா?" தாய் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நிஜமா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா," என்றாள். தொண்டைமேல் வைத்த விரலை எடுக்கவில்லை, கரண்டியை இன்னும் தொடவில்லை.