பட்டியலில் இல்லாத நாள்

ரேச்சலுக்குப் பொங்கல் லீவு கிடையாது. பெரிய வெள்ளி கிடையாது. சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி வளர்ந்தவளுக்குக் கிறிஸ்துமஸ்கூடக் கிடையாது. ஆனால் மாசிப் பௌர்ணமியில் மாக பூஜைக்கு லீவு உண்டு. வைகாசியில் விசாக பூஜைக்கு உண்டு. பிக்குகள் மழைக்காலத் தவத்தில் உட்காரும் நாளுக்கு உண்டு. டிசம்பர் பத்தாம் தேதி தாய்லாந்தின் அரசியல் சட்ட நாளுக்கும் உண்டு. அன்றைக்குக் குன்னூர் மார்க்கெட்டில் யாராவது, “என்ன கண்ணு, இன்னிக்கு வேலை இல்லியா?” என்று கேட்டால் அவள் என்னத்தைச் சொல்வாள், பாவம்! “தலைவலிங்க” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

விஷயம் இதுதான். பாங்காக்கில் ஓட்டல் அறைகளை இணையத்தில் விற்கும் ஒரு கம்பெனிக்கு அவள் குன்னூரில் வாடகை அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். சம்பளம் நம்மூர் வங்கிக்கு வந்தாலும் லீவுப் பட்டியல் அங்கிருந்துதான் வரும். ஏப்ரலில் சொங்கிரான் புத்தாண்டுக்கு மூன்று நாள் லீவு விட்டு, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுங்கள் என்று வாழ்த்தும் வரும். குன்னூரில் ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம். ஒரு செம்பை வீணாக்கினாலும் வீட்டுக்கார இசக்கியம்மா பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவாள். கீழே வடைக்கடை, மேலே ரேச்சலின் அறை. வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் இசக்கியம்மா மனசு தங்கம்.

இந்தப் பட்டியல்தான் ரேச்சலின் குடியைக் கெடுத்தது.

ரேச்சலின் அப்பா மோசஸ் கீழ் கோத்தகிரி டீ ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். இரண்டு வருடம் முந்தி அக்டோபரில், வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த டிசம்பரில் ரேச்சல் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பயந்து பயந்து பாங்காக்கிலிருந்த மேலாளர் பிம் அம்மாளிடம் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டாள். பிம் கெட்டவள் இல்லை. ஆனாலும், “அந்த நாள் பட்டியலில் இல்லையே, ரேச்சல். அன்றைக்குத்தான் கூட்டமே அதிகம்” என்றாள். ரேச்சல் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா ஞானசுந்தரிக்குப் போன் போட்டு, வர முடியாது என்று சொன்னாள்.

“உங்கப்பன் போன மொதப் பண்டிகை புள்ள. ரெண்டு தட்டு கழுவி வெச்சிருக்கறேன்.”

“வேலை போயிருங்கம்மா.”

“அப்ப அந்த வேலையவே கட்டிட்டு அழு.” போன் வைத்தாயிற்று.

டிசம்பர் முப்பத்தொன்று தாய்லாந்தில் லீவு. கேக் டப்பாவோடு ரேச்சல் கீழ் கோத்தகிரிக்குப் பஸ் ஏறிப் போனாள். ஞானசுந்தரி கதவைத் திறந்தாள். “பண்டிகை முடிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. கேக்கை ஜன்னலில் வைத்துவிட்டு, போன பஸ் திரும்பும்போது அதிலேயே ரேச்சல் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு இவள் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் இவளும் செய்வதில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. வீம்பில் இருவருக்கும் ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை.

அடுத்த ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்ட் பன்னிரண்டு தாய்லாந்தில் அன்னையர் நாள், அரசு விடுமுறை. பிள்ளைகள் அம்மாவின் முன்னால் மண்டியிட்டு மல்லிகை கொடுப்பார்கள். கம்பெனிக் குழுவில் ஆளாளுக்கு அப்படி மண்டியிட்ட படத்தைப் போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலை செய்யும் ஆண்ட்ரூகூடப் போட்டுவிட்டான். ரேச்சல் ஒன்றும் போடவில்லை. மத்தியானம் பிம் தனியாகக் கேட்டாள்: “அம்மா நலம்தானே?”

ரேச்சலுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். வடைச் சட்டியை இறக்கிவைத்த இசக்கியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, போனை எண்ணெய் டின்மேல் சாய்த்துவைத்து, அவள் காலடியில் மண்டியிட்டுப் படம் எடுத்துப் போட்டாள். ‘என் அம்மா’ என்று கீழே எழுதினாள். எழுதும்போதே நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் எழுதினாள். படம் நன்றாக இருக்கிறது என்று கம்பெனி அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டது. ஒரு பொய்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ரேச்சல் அதை மறந்துபோனாள்.

பொய் மறக்குமா? இந்த ஜூலையில் பிம்மிடமிருந்து செய்தி வந்தது. அவளுடைய அம்மா மார்ச்சில் இறந்துவிட்டாளாம். ‘அம்மா இல்லாத முதல் அன்னையர் நாள். பாங்காக்கில் எந்தக் கடைக்குப் போனாலும் மல்லிகை. என்னால் அங்கே இருக்க முடியாது. இந்தியாவுக்கு வருகிறேன். நீ சம்மதித்தால், என் மல்லிகையை உன் அம்மாவுக்குக் கொடுக்கிறேன்.’

ரேச்சல் அந்தச் செய்தியை மூன்று தரம் படித்தாள். இறந்தவர் இல்லாத முதல் பண்டிகை எப்படியிருக்கும் என்று அம்மா சொன்னபோது அவளுக்கு உறைக்கவில்லை. பாங்காக்கிலிருந்து ஒருத்தி சொல்லித்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் என்ன செய்தாள்? நேரே கீழ் கோத்தகிரிக்கா போனாள்? இல்லை. வடைக்கடைக்குத்தான் போனாள்.

“அக்கா, இன்னொருக்கா எனக்கு அம்மாவா உக்காரோணும்” என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

இசக்கியம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு உக்காந்தது வெளையாட்டுக்கு சாமி. தாயப் பறிகொடுத்தவ கண்ணீரோட வந்து என்ற கால்ல பூ வெப்பா, நான் கல்லாட்டம் அதை வாங்கிக்கறதா? அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்க் கழுவறது? ஆளை விடு.”

“அப்ப நான் என்னக்கா பண்றது?”

“உசுரோட ஒருத்தி மலைக்கு அந்தப்பக்கம் இருக்கறா. பஸ்ஸு போவுதல்ல?”

பன்னிரண்டாம் தேதி காலை, குன்னூர் வந்து சேர்ந்திருந்த பிம் கையில் மல்லிகைச் சரத்தோடு ரேச்சலுடன் காரில் ஏறினாள். ஐம்பதை நெருங்குபவள், ஒல்லியான உடம்பு, குளிருக்குக் கழுத்துவரை கம்பளி. கோத்தகிரியைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தினார்கள். மூடுபனியில் எதிர்ப்பக்கத் தோட்டமே தெரியவில்லை. ரேச்சல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படத்திலிருப்பது வீட்டுக்காரி என்பதை, இரண்டு தட்டை, ஜன்னலில் வைத்த கேக்கை.

வேலை போனால் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். “அந்த நாள் பட்டியலில் இல்லை என்று சொன்னது நான்தானே” என்றாள் பிம். “ஏன் லீவு வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.” டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் அதை அப்படியே குடித்தார்கள்.

ஞானசுந்தரிக்கு எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். இவர்கள் போய் நின்றபோது இடுப்பில் ஒன்று, தொட்டிலில் இரண்டு, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. அவள் மகளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு விருந்தாளியைப் பார்த்து, “வாங்கம்மா” என்றாள். மகளுக்கு அந்த வார்த்தை இல்லை.

ரேச்சல் விளக்கிச் சொல்வதற்குள் பிம் சிமென்ட் தரையில் மண்டியிட்டு, பூவைக் கையிலேந்தித் தலையைக் குனிந்துவிட்டாள்.

ஞானசுந்தரி பதறிப் பின்னால் நகர்ந்தாள். “ஐயையோ! எந்திரிங்கம்மா! எங்க சபையில மனுசங்க கால்ல வுழுவறதில்லீங்க. ஏம் புள்ள, என்ன இது கூத்து? எடுத்துச் சொல்லு அவங்களுக்கு!” ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து அவள் மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இன்னிக்கு அவங்க ஊர்ல அம்மாவுக்கான பண்டிகைங்கம்மா,” என்றாள் ரேச்சல். “அவங்க அம்மா மார்ச்சுல தவறிட்டாங்க. பூவைக் கொடுக்க ஆளில்லாம இங்க வந்திருக்கறாங்க.”

ஞானசுந்தரி நின்றுவிட்டாள். “மொதப் பண்டிகையா?”

“ஆமாங்கம்மா.”

இடுப்பிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவள் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பூவை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிம்மின் தலைமேல் கைவைத்து, கண்ணை மூடி, சத்தமாகவே ஜெபித்தாள். கர்த்தரே, தாயில்லாத இந்தப் பிள்ளையைத் தேற்றும், இவள் வந்த வழியையும் போகிற வழியையும் காத்துக்கொள்ளும் என்று. பிம்முக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் தேம்பித் தேம்பி அழுதாள். காலைக் கட்டிக்கொண்டிருந்த பொடிசு பயந்துபோய் அதுவும் சேர்ந்து அழுதது.

பிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்தது மகள்தானே என்பதுபோல இடம் விட்டாள். ரேச்சல் மண்டியிட்டாள். தலையைத் தூக்க முடியவில்லை.

“உனக்குத்தான் குன்னூர்ல ஒரு அம்மா இருக்கறாளே,” என்றாள் ஞானசுந்தரி.

ரேச்சலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பாத்தேன். போன வருசமே சூப்பர்வைசர் செல்வி போன்ல கொண்டாந்து காட்டுனா. ‘உங்க ரேச்சல்தான இது, அந்தம்மா யாரு’ன்னு கேட்டா. நான் என்னன்னு சொல்றது? கிறிஸ்துமஸ்க்கு நீ வராததைக்கூட மனசுல போட்டு ஆத்திக்கிட்டேன். கஷ்டப்பட்டு வாங்குன வேலை, புள்ள என்ன பண்ணும்னு. நானே பஸ்ஸேறி வாரதுன்னுதான் இருந்தேன். அப்பத்தான் அந்தப் படம். நான் உசுரோட இருக்கைல, என்ற எடத்துல இன்னொருத்திய உக்கார வெச்சுப்போட்டியேடி.” சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்கம்மா.” அவ்வளவுதான் வந்தது. வரும் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தை ஒன்றையும் காணோம். “உங்க மூஞ்சியப் பாக்கற தைரியம் இல்லாமப் பண்ணிட்டனுங்கம்மா. மன்னிச்சிருங்க.”

தொட்டிலில் ஒன்று சிணுங்கியது. ஞானசுந்தரி காலாலேயே தொட்டிலை ஆட்டிவிட்டாள். மகளின் தலையில் கை வைக்கவில்லை. காதோரம் பிடித்து முகத்தைத் தூக்கி, “எளச்சுப் போயிட்டே” என்றாள். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தது ரேச்சலுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் மடியில் கிடந்த பூவின்மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் ஞானசுந்தரி ஞானசுந்தரிதான். அழுகை ஓய்ந்ததும் தலைமுடியை ஒதுக்கினாள், சேலை மடிப்பைச் சரிசெய்தாள், பக்கத்துப் பொடிசின் மூக்கைத் துடைத்துவிட்டாள். “அந்தம்மாவ இப்ப ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு. பழசு இருந்த எடத்துலயே இதைப் போடோணும். என்ற பேரையும் எழுதோணும்.”

பிம் எடுத்தாள். ஒன்றில் குழந்தை அழுதது. ஒன்றில் ரேச்சல் கண்ணை மூடிவிட்டாள். மூன்றாவதைப் பார்த்துவிட்டு ஞானசுந்தரி, “ம்” என்றாள். பிறகு அடுப்பில் கஞ்சி கொதிப்பது ஞாபகம் வந்து எழுந்தாள்.

கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

“கிறிஸ்துமஸ்க்கு வரைல அந்தம்மாவையும் கூட்டிட்டு வா. மூணு தட்டு வெக்கறேன்.”

“அன்னிக்கு அவங்களுக்கே லீவு இல்லீங்கம்மா,” ரேச்சல் மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும் சேத்துக் கேட்டுப் பாக்கறேன்.”

“கேக்காத,” என்றாள் ஞானசுந்தரி. “சொல்லு.”