குரல்வளையில் ஒரு விரல்

போவன்பள்ளியில், காய்கறி லாரிகள் திரும்பும் தெருவில், ஒரு வீட்டின் மாடியில் நடந்தது சுதர்சனின் மாலைப் பாட்டு வகுப்பு. அவனுக்கு முப்பது வயது, பகலில் மென்பொருள் வேலை. இந்த ஜனவரியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் புதுச் சட்டம் போட்டான். பாடும்போது ஆள்காட்டி விரல் குரல்வளை மேல் இருக்க வேண்டும். குரல்வளை மேலே ஏறினால் உடனே கீழே அழுத்த வேண்டும். எட்டுப் பேரும் கழுத்தில் விரலோடு நிற்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மீன் முள் சிக்கிவிட்டது என்று நினைப்பார்கள்.

அந்த எட்டில் ஒருத்தி ரோஸ்லின். தூத்துக்குடிக்காரி. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஆய்வகத்தில் எதைச் செய்தாலும் தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் பாட்டு வகுப்புக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எத்தனை நிமிடம் பயிற்சி, எந்த இடத்தில் குரல் உடைந்தது, வகுப்பில் யார் யார் இருமினார்கள் என்பது வரை அதில் இருக்கும். குரல் கம்மிய நாளில், "அழுத்தம் போதவில்லை. என் தவறு" என்று எழுதினாள். நாற்பது நிமிடப் பயிற்சியை ஐம்பது ஆக்கினாள். குரல் இன்னும் கம்மியது. மறுபடி, "என் தவறு."

சனிக்கிழமை தமிழ்ச் சங்க ஆண்டு விழா. இரண்டு வருஷமாகக் கும்பலோடு பின்வரிசையில் நின்றவளுக்கு சுதர்சன் முதல் தடவையாகத் தனிப்பாட்டு கொடுத்திருந்தான். அந்த நேரம் பார்த்து, திங்கள்கிழமை காலையில் பாட வாயைத் திறந்தால் குரலே எழும்பவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குரல் சிகிச்சையாளர் ஜலஜா, தொண்டைக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். "ரெண்டு குரல் நாணும் எப்படி வீங்கிக் கிடக்கு பாரு. வீட்டுல தினம் சண்டையா?"

"இல்ல மேடம். பாட்டு கிளாஸ்" என்று சொல்லி, ரோஸ்லின் விரலை வைத்துக் காட்டினாள்.

"கழுத்தை நெரிச்சுக்கற வித்தையை யாரு சொல்லிக் குடுத்தது?"

"குரல்வளை கீழ இருக்கணும்னு மாஸ்டர்..."

"கீழ இருக்கலாம். கீழ தள்ளக் கூடாது. விரலை எடு. கொட்டாவி வரப்போற மாதிரி மெதுவா மூச்சை இழு. தெரியுதா, தானா இறங்குது? நாக்கும் தாடையும் தளர்ந்தாலே அது அடங்கிடும். நீ நாக்கோட அடிப்பக்கத்தால அதை மிதிச்சுக்கிட்டு இருக்கே."

ரெண்டு வாரம் பாட்டு கிடையாது, கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். "மீறினா முடிச்சு விழும். அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் பாட முடியாது."

அன்று மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் ரோஸ்லின் நோட்டைத் திறந்தாள். எந்த நாளில் தான் தவறு செய்தோம் என்று தேடத்தான். கண்ணில் பட்டது வேறு. முதல் வாரம் யாரும் இருமவில்லை. மூன்றாம் வாரம் மூன்று பேர். ஐந்தாம் வாரம் எட்டுப் பேரும். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்கப்பட்டே பழகியவளுக்குக் கோபம் வந்தபோது அது கோபம்தான் என்று புரியவே இரண்டு நிறுத்தம் ஆனது. புரிந்ததும், "என் தவறு" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறோம் என்று எண்ணினாள்.

"ஹவ், ரோஸ்லின், இன்னைக்கும் லேட்டு. விரலை வை" என்றான் சுதர்சன், தமிழில் அந்த ஊர் உருதுவைக் கலந்து.

"வைக்க மாட்டேன் மாஸ்டர்." ஜலஜா சொன்னதைச் சொன்னாள்.

"டாக்டருக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? எதுக்கு அங்க எல்லாம் போற? இங்க நீ மட்டும்தான் இருமுற."

"நான் மட்டுமா?" நோட்டை விரித்தாள். "நீலா போன மாசம் பத்தாம் தேதியிலேர்ந்து இருமுறா. அனந்தராமன் சார் பதிமூணுலேர்ந்து..."

அனந்தராமன் வகுப்பிலேயே வயதானவர், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் அதிகாரி. "எனக்கு அது ஆபீஸ் ஏ.சி.ம்மா" என்றார் அவசரமாக.

"ஏ.சி. எத்தனை வருஷமா இருக்கு சார்?"

"பதினஞ்சு."

"இருமல்?"

கீபோர்டு வாசிக்கும் இர்பான் பக்கென்று சிரித்துவிட்டான். சுதர்சனின் முகம் கறுத்தது. "நோட்டு எழுதற நேரத்துல பாடியிருந்தா குரல் வந்திருக்கும். மேடைன்னா பயம்னு நேரா சொல்லிட்டுப் போயேன்."

அவளுக்கு வலிக்கும் இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கத்தல் நெஞ்சிலிருந்து கிளம்பியது. குரல்வளை மேலே ஏறுவதும் நாக்கின் அடிப்பக்கம் இறுகுவதும் அவளுக்கே தெரிந்தது. கத்தினால் போவது தன் குரல், அவனுடையது அல்ல. வாயை லேசாகத் திறந்து, மெதுவாக மூச்சை இழுத்தாள். தொண்டை இறங்கிக் கொடுத்தது.

"என் தவறுன்னு முப்பத்தோரு தடவை எழுதியிருக்கேன். ஒண்ணுகூட என் தவறு இல்ல. உங்களுக்குத் தெரியாத விஷயத்தை, தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு, எங்க கழுத்துல செஞ்சு பார்த்திருக்கீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். அறையின் மறுகோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை பாட்டு நீலாவுக்கு" என்றான் சுதர்சன். "உனக்கு நக்கோ, கிடையாது."

கல்லூரி மாணவி நீலாவின் முகம் மலர்ந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை.

"நீயே பாடு நீலா" என்றாள் ரோஸ்லின். " ஆனா அதுக்கு முன்னாடி ஒருதரம் தொண்டையைக் காட்டிட்டு வா."

"உங்களுக்குக் கிடைக்கலேன்னதும் எனக்கும் கெடுக்கப் பார்க்கறீங்களா அக்கா?"

அதற்கு மேல் அங்கே நின்றால் கத்திவிடுவோம் என்று ரோஸ்லினுக்குத் தோன்றியது. படியிறங்கினாள். தெருவில் தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடையை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. மேலே, "கீழே! இன்னும் கீழே!" என்று சுதர்சன் அதட்டுவது கேட்டது.

பின்னால் யாரோ வேகமாக இறங்கி வந்தார்கள். அனந்தராமன். செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளக்கூட இல்லை.

"அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா?" குரல் சட்டி சுரண்டுவதுபோல் வந்தது.

"மேலயே கேட்டிருக்கலாமே சார்! அவரு முன்னாலயே!"

"கூச்சமா இருந்ததும்மா."

அவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அது ஆறவும் இல்லை. ஆனாலும் மூச்சை இழுத்துக்கொண்டு, லாரி இரைச்சலில் அவருக்குக் கேட்கும்படி, தொண்டையை இறுக்காமல், எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.