சிதம்பரத்துக் கல்லறைப் புத்தகம்

ஃபாதர் வந்துவிட்டார் என்று எல்லாரும் வாசலுக்குப் போன நேரம் பார்த்து, தைலம்மாள் அந்தக் கறுப்பு ஹார்டு டிஸ்கைச் சவப்பெட்டிக்குள், புருஷனின் தலையணைக்கடியில் செருகினாள்.

“கொண்டு போ. அங்கயும் உக்காந்து படம் புடி.”

ரிட்டயரான நாளிலிருந்து ஆரோக்கியராஜுக்கு இதே வேலை. காசு வாங்காத வேலை. மாதா கோயில்களின் பழைய ஞானஸ்நான, கல்லறைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ரீயூனியன் தீவில் எவனோ கொள்ளுத்தாத்தா பேரைத் தேடுகிறான் என்று இவர் இங்கே கடலூரில் சோறு மறந்து கிடப்பார். அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் சிதம்பரம் பஸ் ஏறினார். “கரையான் காத்திருக்குமா தைலா?” என்றார். அவள் காத்திருந்தாள். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதும் மடியில் இந்த டப்பாதான்.

அவரோடு சேர்ந்து படம்பிடிக்கும் சார்லஸ் சிதம்பரத்திலிருந்து வந்து மாலை போட்டான். அழுதான். பிறகு தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன்கிட்ட ஒரு ஹார்டு டிஸ்க்...”

“சவம் இன்னும் வூட்ட வுட்டுப் போவல. அதுக்குள்ள சாமான் கேக்க வந்துட்டியா?”

கொழுந்தன் ஞானசேகரன் ஓடிவந்தான். “அண்ணி, மெதுவா. ஃபாதர் இருக்காரு.”

“இருக்கட்டுமே. கேக்கட்டும்.”

சார்லஸ் தலை நிமிரவில்லை. “சிதம்பரத்துக் கல்லறைப் புத்தகம் அதுல மட்டுந்தாங்கா இருக்கு. பக்கத்தத் திருப்பத் திருப்பப் புத்தகம் பொடியாப் போச்சு. மறுபடி எடுக்க முடியாது. நாலாயிரத்துச் சொச்சம் பேரு.”

“எத்தினி?”

“நாலாயிரத்துச் சொச்சங்கா.”

தைலம்மாள் பெட்டியைப் பார்த்தாள். நாலாயிரம் பேர். வீட்டில்தான் அவளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், குழிக்குள்ளுமா?

இரண்டு பேர் மூடியைத் தூக்கி வந்தார்கள்.

“நில்லுங்க.”

இடது கையால் அவர் தலையைத் தலையணையோடு ஏந்தி, வலது கையால் டிஸ்கை உருவினாள். சார்லஸின் கையில் அதை அறைந்தாற்போல் வைத்தாள்.

“இந்தா. ஒருத்தர் பாக்கியில்லாம கூட்டிக்கிட்டுப் போ. நாளைக்கு நானும் அந்தக் குழியிலதான் படுக்கணும். எடம் வேணும்.”

பெட்டிக்குள் டப்பா கிடந்த இடத்தில் வெள்ளைத்துணி நீளச் சதுரமாகப் பதிந்திருந்தது. தலையை ஏந்தியபடியே, அந்தப் பள்ளத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சமமாக்கினாள். மூடி பிடித்தவர்கள் காத்திருந்தார்கள்.