இழுத்துப் பார்க்கிற வேலை

அன்னவாசல் பக்கத்துக் கடைசல் பட்டறையில் செபமாலை என்பவளுக்கு இழுத்துப் பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரர்கள் புகையிலை அடைத்துப் புகைக்கிற மரப்பைப்புகள் அங்கே தயாராயின. லேத்தில் கடைந்து, கிண்ணம் குடைந்து, காம்பு வழியாகத் துளை போடுவார்கள். துளை கிண்ணத்தின் அடியில் போய்ச் சேர வேண்டும். காம்பில் ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஒரு இழுப்பு. காற்று வந்தால் உப்புத்தாள் போடப் போகும். வராவிட்டால் கழிவுக்கூடை.

ஆளுக்கொரு குழாய். தன்னுடையதில் செபமாலை பச்சை நூல் கட்டியிருந்தாள். ஒன்பது வருஷமாக அதே பெஞ்சு, அதே மரத்தூசி.

மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் ஆத்மநாதன் அவளுடைய கழிவுக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, காலையிலேருந்து இத்தனை கழிச்சிருக்கீங்க? கம்பி விட்டுப் பாத்துட்டேன், எல்லாம் சுத்தமாப் போகுது."

டிரில் மிஷினிலிருந்து ஐயனார் கத்தினான். "நான் போட்ட ஓட்டையில எறும்பு குடும்பத்தோட போயிட்டு வரும், அக்கா!"

"என் குழாயில தூசி அடைச்சிருக்கும் சார்."

"கழுவிட்டு மறுபடி பாருங்க. நாளைக்கு லோடு ஏத்தணும்."

தொட்டியில் குழாயை அலசி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்து ஜன்னல் துளியாகத் தெரிந்தது. தூசியாக இருந்திருக்கலாமே என்று நினைத்தாள். பெஞ்சுக்கு வந்து ஒரு பைப்பை எடுத்து இழுத்தாள். நெஞ்சில் பாதி வழியில் கதவு சாத்திக்கொண்டது.

தெரியாததில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கையில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்றுநின்று போகிறாள். கோயில் பாட்டில் வாயை மட்டும் அசைக்கிறாள். மகள் ஜெனிபர் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவளோடு போனில் பேசும்போது இருமல் வந்தால் செபமாலை வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சிக்னல் இல்லை என்பாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். அதுவரை இந்த பெஞ்சு வேண்டும்.

பக்கத்திலிருந்த சிவரஞ்சனி அதே பைப்பை வாங்கித் தன் குழாயைச் செருகி இழுத்தாள். விசில் மாதிரிக் காற்று வந்தது. அவள் செபமாலையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க எடுத்து எடுத்துக் குடுங்கக்கா. நான் இழுத்துக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

செபமாலை ஒன்று கொடுத்தாள். இன்னொன்று. சிவரஞ்சனி பேச்சுவாக்கில் இழுத்துப் போட்டாள், அவ்வளவு லேசாக. நாலாவது பைப்பு கையிலேயே நின்றது. இன்றைக்கு இவள் இழுப்பாள். நாளைக்கும் இழுப்பாள். தினம் இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைக்கவே அசதியாக இருந்தது. பயத்தைவிட அந்த அசதிதான் பெரிதாக இருந்தது.

எழுந்து ஆத்மநாதனிடம் போனாள்.

"சார், பைப்பு எல்லாம் நல்ல பைப்புதான். எனக்குத்தான் இழுக்க முடியல."

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"தவக்காலத்துலேருந்து. மாசக்கணக்கா ஆயிருச்சு சார்."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தமென்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. பச்சை நூல் கட்டிய குழாயை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஜெனிபரை போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

பதில் சொல்வதற்குள் இருமல் வந்தது. செபமாலை வாயைப் பொத்தவில்லை.